சேப்பாக்கம் மறக்காத நாட்கள்

கிட்டிப்புள் ஆடிய குரங்கணிச் சரிவு முதல் கடற்கரை மைதானம் வரை

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே போகும் பஸ் குரங்கணியில் வந்து நின்றுவிடும். அதற்கு மேலே போக வேண்டுமானால் ஜீப்பையோ சொந்தக் கால்களையோதான் நம்பவேண்டும். சுற்றிலும் மலை. சரிவெல்லாம் காப்பி, மிளகு, ஏலம். கீழே கொட்டகுடி ஆறு.

இந்தச் சரிவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதை நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மேட்டுப் பக்கம் ஓங்கி அடித்தால் பந்து தானாகத் திரும்பி உருண்டு வந்துவிடும். பள்ளத்துப் பக்கம் அடித்துவிட்டாலோ, போயிற்று! காப்பிச் செடிகளுக்குள் புகுந்து ஆற்றைப் பார்க்கப் புறப்பட்டுவிடும். ஆகவே பள்ளத்தில் அடித்தவன் அவுட். பந்தை எடுத்து வரவேண்டியவனும் அவனே. லண்டன் லார்ட்ஸ் மைதானத்துச் சட்டப் புத்தகத்தில் இந்த விதி கிடையாது. ஆனால் சமதரை இல்லாத ஊருக்கு இதைவிட நியாயமான விதி வேறு என்ன இருக்க முடியும்?

இந்த வழி பழைய வழி. மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிப் பக்கம் இறங்கின. அங்கிருந்து போடி, போடியிலிருந்து தூத்துக்குடி, தூத்துக்குடியிலிருந்து கப்பல். தேயிலை கீழே இறங்கியது. துரைமார் மேலே ஏறினார்கள். தென்னிந்திய மலைத் தோட்டங்களுக்கு வந்த துரைமார் கொண்டுவந்த சாமான்களில் கிரிக்கெட் மட்டையும் ஒன்று. அவர்கள் போய்விட்டார்கள். மட்டை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் மட்டை வருவதற்கு முன்பே இங்கே கிட்டிப்புள் இருந்தது. ஒரு நீளக் குச்சி, ஒரு குட்டைக் குச்சி. குட்டைக் குச்சியைத் தட்டி எழுப்பி, அது அந்தரத்தில் இருக்கும்போதே விளாச வேண்டும். எதிராளி அதை எட்டிப் பிடித்துவிட்டால் ஆட்டம் போயிற்று. யோசித்துப் பார்த்தால் கிரிக்கெட்டின் சாரமும் அதுதான். அமெரிக்கர்கள் உயிரை விடும் பேஸ்பாலின் சாரமும் அதுதான். வந்ததை அடி, பிடிபடாதே!

ஒரு கொடியில் பல காய்கள்

கிரிக்கெட்டுக்கும் பேஸ்பாலுக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிட நெருங்கியது. உலகத்தில் இரு நாடுகளுக்கிடையே நடந்த முதல் கிரிக்கெட் பந்தயம் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடியது அல்ல. 1844-ல் நியூயார்க்கில் அமெரிக்காவும் கனடாவும் ஆடியதுதான் அது. பிறகு உள்நாட்டு யுத்தத்தை ஒட்டிய காலத்தில் அமெரிக்கர்களின் மனம் பேஸ்பால் பக்கம் சாய்ந்தது. இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும் ஆட்டம் அவர்களுடைய அவசரத்துக்கு ஏற்றதாக இருந்தது.

பிரிந்துபோன இந்த இரண்டு கிளைகளும் 1932-ல் ஒரு நாள் கைகுலுக்கின. கிரிக்கெட் மன்னர் டொனால்டு பிராட்மன் நியூயார்க் சென்றபோது பேஸ்பால் மன்னர் பேப் ரூத்தைச் சந்தித்தார். ஒருவர் பந்தைத் தரையோடு தரையாக விரட்டியே பெயர் வாங்கியவர். மற்றவர் பந்தை அரங்கத்துக்கு வெளியே அனுப்பியே பெயர் வாங்கியவர்.

பேஸ்பால் சரித்திரத்தில் அமெரிக்கர்கள் இன்றும் பேசும் ஒரு கணம் உண்டு. 1951 அக்டோபர் 3. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கும் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கும் தீர்ப்புப் பந்தயம். ஒன்பதாவது, அதாவது கடைசிச் சுற்று. டாட்ஜர்ஸ் 4, ஜயண்ட்ஸ் 2. பந்து வீச வந்தவர் ரால்ஃப் பிராங்கா. முதுகில் 13-ஆம் எண். எதிரே பாபி தாம்ஸன். ஒரே அடி! பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. மூன்று பேர் ஓடி வந்து மூன்று ரன் சேர்த்தார்கள். 5-க்கு 4. ஜயண்ட்ஸ் வென்றது.

தாம்ஸன் அந்த ஒரு அடியால் சாகாவரம் பெற்றார். பிராங்காவுக்கும் அதே அடிதான் வாழ்நாள் முழுதும் முதுகில் ஒட்டிய எண்ணாயிற்று. அதற்கு முன் அவர் வீழ்த்திய ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர். யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் அந்த இருவரும் நண்பர்களானார்கள் என்பது இந்தக் கதையின் இனிமையான பகுதி.

இந்தியாவில் பேஸ்பால் வேர் பிடிக்கவில்லை. 2008-ல் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்கள் இருவர், ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்பவர்கள், ஒரு பந்து வீச்சுப் போட்டியின் மூலம் அமெரிக்கா போய், பிட்ஸ்பர்க் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதுவரை மட்டையைச் சரியாகக் கண்ணால்கூடக் காணாத ஆட்டம் அது அவர்களுக்கு! முயற்சி பெரிதுதான், ஆனால் இருவரும் முதல் நிலைப் பந்தயம் வரை எட்டவில்லை.

ஆகவே நம்முடைய தாம்ஸனையும் பிராங்காவையும் தேட வேண்டுமானால் நியூயார்க் போகவேண்டியதில்லை. சென்னைக் கடற்கரைக்குப் பக்கத்தில் சேப்பாக்கம் இருக்கிறது. அங்கே வென்றவர்களும் உண்டு; ஒரே ஒரு பந்தினால் ஆயுள் முழுவதும் கேள்விக்கு ஆளானவர்களும் உண்டு.

ஒரே நாளில் முடிந்த பந்தயம்

1934 நவம்பர் 4. ரஞ்சிக் கோப்பை என்ற பெயரில் இந்தியா முழுவதும் நடக்கும் போட்டியின் முதல் பந்தயம் சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னையும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் சென்னை அணியின் எம். ஜே. கோபாலன்.

பல நாள் நடக்கவேண்டிய ஆட்டம் அது. காலையில் மைசூர் 48 ரன்னுக்குச் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மறுபடி இறங்கிய மைசூர் 59-க்கு வீழ்ந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்து, சென்னை ஒரு இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசத்தில் வெற்றி பெற்றது! மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

அன்று மைசூரை உருட்டியவர் ஏ. ஜி. ராம்சிங். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட். அமிர்தசரஸில் பிறந்து சென்னையைச் சொந்த ஊராக்கிக்கொண்ட சீக்கியர் அவர். இடது கையால் பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார். இவ்வளவு திறமை இருந்தும் அதிகாரபூர்வமான டெஸ்ட் பந்தயம் ஒன்றுகூட ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

ஆனால் தந்தைக்குக் கிடைக்காதது பிள்ளைகளுக்குக் கிடைத்தது. மகன் கிருபால் சிங் 1955-ல் ஹைதராபாத்தில் நியூஸிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்து அவுட் ஆகாமல் நின்றார். இன்னொரு மகன் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினார். 1954-55-ல் சென்னை முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது, இந்தூரில் நடந்த இறுதிப் பந்தயத்தில் தூணாக நின்றவரும் கிருபால்தான். அந்த அணியின் தலைவர் பாலு அழகண்ணன். பின்னாளில் ரேடியோ வருணனையாளராகவும் பெயர் பெற்றவர் அவர்.

இரண்டு தோணி

முதல் பந்து வீசிய கோபாலனின் கதை தனி. செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணியில் பந்து வீசிக்கொண்டிருந்த இந்த வாலிபனின் ஆற்றலைக் கண்டுகொண்டவர் சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. உலகப் புகழ் பெற்ற ஜாக் ஹாப்ஸ் சென்னைக்கு ஆட வந்தபோது அவருடைய ஸ்டம்பைப் பெயர்த்த பந்து கோபாலனுடையது. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார்.

கிரிக்கெட்டில் மட்டும் அல்ல, ஹாக்கியிலும் அவர் அதே அளவுக்குக் கெட்டிக்காரர். 1935-ல் தியான் சந்த் தலைமையில் நியூஸிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியில் அவர் ஆடினார்.

1936 பிறந்தது. அந்த வருஷம் அவருக்கு இரண்டு பாதைகள் திறந்தன. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகும் ஹாக்கி அணி. மற்றொன்று, இங்கிலாந்துக்குப் போகும் கிரிக்கெட் அணி. இரண்டும் ஒரே கோடையில்! ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைக்க முடியாது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கிலாந்தில் நடந்ததோ வேறு. விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையில் போன அந்த அணியில் ஆட்டத்தைவிடச் சச்சரவுதான் அதிகம். சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத்தைப் பாதி வழியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கோபாலனுக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. இந்தியா தொடரில் தோற்றது.

அதே சமயத்தில் பெர்லினில் என்ன நடந்தது? ஆகஸ்டு 15-ஆம் தேதி, ஹாக்கி இறுதிப் பந்தயத்தில் தியான் சந்தின் அணி ஜெர்மனியை 8-க்கு 1 என்று நொறுக்கித் தங்கப் பதக்கம் வாங்கியது. அந்தப் பதக்கத்தில் ஒன்று கோபாலன் கழுத்தில் விழுந்திருக்க வேண்டியது!

ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் எத்தனையோ தடவை முச்சந்தியில் நிற்கிறான். தவறான திசையில் திரும்பியது பிறகுதான் தெரிகிறது. கோபாலன் அதன்பின் இந்தியாவுக்கு மறுபடி டெஸ்ட் ஆடவில்லை. ஒரு டெஸ்ட், பூஜ்யம் பதக்கம். ஆனால் சென்னை அவரை மறக்கவில்லை. சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1952-53 முதல் நடந்த பந்தயத்துக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். 2003-ல் முதுமையடைந்து காலமாகும் வரை அவர் சென்னை மைதானத்தின் மரியாதைக்குரிய மூத்தவராகவே இருந்தார்.

இருபது வருஷத் தாகம்

இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல். அதற்குப் பிறகு இருபது வருஷம். 24 டெஸ்ட். ஒன்றிலாவது வெற்றி உண்டா? கிடையாது. 25-வது டெஸ்ட் 1952 பிப்ரவரி 6-ல் சேப்பாக்கத்தில் தொடங்கியது. எதிரணி இங்கிலாந்து.

முதல் நாள் ஆட்டத்திலேயே வினூ மன்கட் தம் இடது கைச் சுழல் பந்தால் மாயம் காட்டத் தொடங்கினார். வெளியே வந்து அடிக்கப் போனவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் விக்கெட் கீப்பர் சென் ஸ்டம்பைத் தட்டிவிட்டார். ஒரே இன்னிங்ஸில் நான்கு பேர் இப்படி ஸ்டம்பிங் ஆனார்கள்! மன்கட்டுக்கு 55 ரன்னுக்கு 8 விக்கெட். இங்கிலாந்து 266.

அன்றுதான் லண்டனிலிருந்து செய்தி வந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமானார். மறுநாள் ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஓய்வு நாளாக்கப்பட்டது. ஒரு நாள் முழுதும் ஸ்டம்புகள் இல்லாத மைதானம் வெறிச்சென்று கிடந்தது. சுதந்தரம் வந்து ஐந்து வருஷம்கூட ஆகாத நாடு. எதிரே பழைய எஜமானர்களின் அணி. நடுவில் அவர்கள் வீட்டுத் துக்கம். விசித்திரமான சந்தர்ப்பம்தான்.

மறுபடி தொடங்கியபோது பங்கஜ் ராய் 111, உம்ரிகர் அவுட் ஆகாமல் 130. சென்னைக்காரர் சி. டி. கோபிநாத்தும் தம் ஊர் ஜனங்கள் முன்னால் 35 எடுத்தார். இந்தியா 9 விக்கெட்டுக்கு 457 எடுத்து ஆட்டத்தை நிறுத்தியது. இரண்டாவது இன்னிங்ஸில் மன்கட்டும் குலாம் அகமதும் ஆளுக்கு நான்கு விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 183-ல் முடிந்தது. ஒரு இன்னிங்ஸும் 8 ரன்னும்!

இந்தியா வென்ற முதல் டெஸ்ட் அது. வென்ற ஊர் சென்னை.

அதே மன்கட் நான்கு வருஷம் கழித்துச் சென்னைக்கு வந்தார். 1956 ஜனவரியில், மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலிருந்த கார்ப்பொரேஷன் ஸ்டேடியத்தில் நியூஸிலாந்துடன் ஆட்டம். மன்கட்டும் பங்கஜ் ராயும் காலையில் இறங்கினார்கள். மாலைவரை ஆடினார்கள். விக்கெட் விழவில்லை. மறுநாளும் தொடர்ந்தார்கள். 413 ரன் சேர்த்த பிறகுதான் முதல் விக்கெட் விழுந்தது. உலகச் சாதனை! 52 வருஷம் யாராலும் அசைக்க முடியாமல் நின்று, 2008-ல்தான் தென்னாப்பிரிக்க ஜோடி ஒன்று இரண்டே ரன் வித்தியாசத்தில் அதைத் தாண்டியது.

அன்று மன்கட் எடுத்த 231, ஓர் இந்தியர் எடுத்த அதிகபட்ச ரன்னாக வெகுகாலம் இருந்தது. அதை முறியடித்தவர் கவாஸ்கர், 1983 டிசம்பரில் 236. எங்கே? சேப்பாக்கத்தில்! அது அவருடைய முப்பதாவது சதம். பிராட்மனின் 29 சதம் என்ற மலையைத் தாண்டியதும் அன்றுதான். 2008-ல் சேவாக் 319 எடுத்து இந்தியச் சாதனையைப் புதுப்பித்ததும் இதே சேப்பாக்கத்தில். சென்னை மண்ணுக்கு இது ஒரு வழக்கம்போலும்.

மூன்று ரன் குறைந்த சதம்

எல்லாச் சாதனையும் பெரிய எண்ணாக இருக்கவேண்டியதில்லை. சேப்பாக்கத்துப் பழைய ரசிகர்களைக் கேட்டால் 319-ஐயும் 236-ஐயும் ஒதுக்கிவிட்டு 97 என்பார்கள்.

1975 ஜனவரி. மேற்கிந்தியத் தீவுகளின் ஆன்டி ராபர்ட்ஸ் இடிபோலப் பந்து வீசிக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கம் இந்திய ஆட்டக்காரர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். மறுபக்கம் ஒரு குள்ளமான மனிதர் நிற்கிறார். ஜி. ஆர். விசுவநாத். பந்து வருகிற வேகத்தையே தன் வேகமாக்கிக்கொண்டு, கடைசிக் கணத்தில் மட்டையை லேசாகத் திருப்புகிறார். பந்து எல்லைக்கோட்டில் இருக்கிறது. பந்து வீச்சாளர்கள் பேடியும் சந்திரசேகரும் மறுமுனையில் எப்படியோ தாக்குப் பிடித்தார்கள். இருவருமே மட்டை பிடிக்கத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள்!

விசுவநாத் 97-ல் இருக்கும்போது சந்திரசேகர் அவுட். இந்தியா 190. ராபர்ட்ஸுக்கு 7 விக்கெட். சதத்துக்கு மூன்று ரன் பாக்கி. ஆனால் அந்த மூன்று ரன்னை யாரும் கேட்கவில்லை. இந்தியா அந்தப் பந்தயத்தை 100 ரன் வித்தியாசத்தில் வென்றது. தொடர் இரண்டுக்கு இரண்டு என்று சமமாயிற்று. விசுவநாத் சென்னைக்காரர் அல்ல, பக்கத்து மாநிலத்துக்காரர். இருந்தாலும் சேப்பாக்கம் அன்றோடு அவரைத் தத்து எடுத்துக்கொண்டது.

வெல்லாமலும் தோற்காமலும்

1986 செப்டம்பர். சென்னையின் புழுக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கும் மேல் அந்த வெயிலில் நின்று 210 ரன் எடுத்தார். நடுநடுவே ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். கை கால் இழுத்துக்கொண்டது. முடியவில்லை என்றபோது தலைவர் ஆலன் பார்டர், 'அப்படியானால் கெட்டியான வேறு ஆளை அழைத்துக்கொள்கிறேன்' என்ற பாவனையில் குத்திக் காட்டினார். ரோஷம் வந்து மறுபடி நின்றார் ஜோன்ஸ். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸலைன் ஏற்றினார்கள்.

ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574. இந்தியா 397, அதில் கபில்தேவ் 119. ஐந்தாம் நாள் இந்தியாவுக்கு வைத்த இலக்கு 348. கவாஸ்கர் 90 எடுத்தார். வெற்றி கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. பிறகு விக்கெட்டுகள் சரிந்தன.

கடைசி ஓவர். நான்கு ரன் வேண்டும். ஒரே விக்கெட் பாக்கி. பந்து வீசுகிறவர் கிரெக் மாத்யூஸ். அந்த வேக்காட்டிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஆடிய அதிசயப் பிறவி அவர்! எதிரே ரவி சாஸ்திரி. இரண்டு ரன் அடித்தார். அடுத்து ஒரு ரன். 347! இரண்டு அணிகளும் சமம். இனி ஒரே ஒரு ரன் போதும். மூன்று பந்து பாக்கி. ஆனால் இப்போது மட்டை பிடித்து நிற்பவர் மணிந்தர் சிங், பந்து வீச்சாளர்.

ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்து காலில் பட்டது. ஆஸ்திரேலியர்கள் அத்தனை பேரும் கூவினார்கள். அம்பயர் விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்தது.

டை! 1960-ல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டாவது டை. பந்து முதலில் மட்டையில்தான் பட்டது என்று மணிந்தர் பின்னாளிலும் சொல்லிவந்தார். விக்ரம்ராஜு தம் தீர்ப்புச் சரியே என்றார். அதன்பின் அவர் வேறு டெஸ்ட் பந்தயத்தில் அம்பயராக நிற்கவில்லை. பிராங்காவுக்கு ஒரு பந்து. மணிந்தருக்கு ஒரு பந்து. விக்ரம்ராஜுவுக்கு ஒரு விரல். மூவர் வாழ்க்கையிலும் அந்த ஒரு நொடி குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்து ஒன்றரை வருஷத்துக்குள், 1988 ஜனவரியில், பத்தொன்பது வயது நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டை 136 ரன்னுக்கு வீழ்த்தி உலகத்தைத் திகைக்க வைத்தார். அதுவும் சேப்பாக்கத்தில்தான். அவர் மொத்தம் ஆடியது 17 டெஸ்ட். எடுத்தது 66 விக்கெட். முதல் பந்தயத்தின் சிகரத்தை அவரால் மறுபடி எட்ட முடியவில்லை. தொடக்கத்திலேயே உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவதும் விதியின் ஒரு விளையாட்டு.

தோற்ற ஊர் எழுந்து நின்றது

இத்தனை நாட்களிலும் சேப்பாக்கத்துக்குப் பெருமை சேர்த்த நாள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அது இந்தியா தோற்ற ஒரு நாள்.

1999 ஜனவரி 31. பல வருஷங்களுக்குப் பிறகு பாகிஸ்தான் இங்கே டெஸ்ட் ஆட வந்திருந்தது. வரக்கூடாது என்று எதிர்ப்பு; டில்லி மைதானத்தில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டார்கள். அப்படிப்பட்ட சூழ்நிலையில் நடந்த பந்தயம். இந்தியாவுக்கு வேண்டியது 271. ஐந்து விக்கெட் 82-க்குப் போய்விட்டது.

டெண்டுல்கர் நின்றார். முதுகு வலி வலியென்று துடித்தது. ஒவ்வொரு அடிக்கும் முகம் சுளித்தார்; ஆனால் அடித்தார். நயன் மோங்கியா 52 எடுத்துத் துணை நின்றார். 254 வந்தது. இன்னும் 17 ரன்தான்! நான்கு விக்கெட் கையில் இருக்கிறது. வலி பொறுக்காமல் ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தார். ஸக்லைன் பந்து மேலே எழும்பியது, பிடிபட்டது. 136.

அவருக்குப் பின் மூன்று பேர் நான்கு ரன்னுக்குள் அவுட். இந்தியா 258. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. டெண்டுல்கர் உடை மாற்றும் அறையில் அழுதுகொண்டிருந்தார். ஆட்ட நாயகன் பரிசை வாங்கக்கூட வெளியே வரவில்லை.

மைதானம் ஒரு கணம் பேச்சு மூச்சின்றிக் கிடந்தது. பிறகு ஒரு மூலையில் யாரோ கை தட்டினார்கள். அந்தச் சத்தம் வரிசை வரிசையாகப் பரவியது. ஜனங்கள் எழுந்து நின்றார்கள். வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்டக்காரர்களும் திகைத்துப்போனார்கள். பின்பு மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். சுற்றிலும் பத்தாயிரக்கணக்கான சென்னை வாசிகள். ஒரு கல் விழவில்லை, ஒரு வசை எழவில்லை. கைதட்டல் மட்டுமே!

தன் வீட்டுப் பிள்ளை தோற்றுப்போன நேரத்தில் எதிராளியின் ஆட்டத்துக்குத் தலை வணங்குவது எளிதல்ல. வென்று பெயர் வாங்கிய மைதானங்கள் உலகத்தில் ஏராளம். தோற்றுப் பெயர் வாங்கிய மைதானம் எத்தனை?

மலைச் சரிவுக்கு என்ன வழி?

இந்தக் கதைகள் எல்லாம் மலையேறிப் போனது எப்படி? டெலிவிஷன் வருவதற்கு முன்னால் டிரான்சிஸ்டர் ரேடியோதான். தோட்டத்து வேலைக்கு நடுவிலும், போடிச் சந்தையில் ஏலக்காய் விலை பேசும் கடைகளிலும், ரேடியோ காதோடு காதாக இருந்தது. ஆங்கிலத்தில் ஓடிய வருணனையைத் தமிழில் கேட்க வைத்தவர்களில் ஒருவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். அவருடைய குரல் வழியே ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஏராளம். 2020-ல் அவர் மறைந்தார்.

அந்தக் காலத்து ரசிகனுக்குச் சேப்பாக்கம் கேட்கக்கூடிய இடம். ஆடக்கூடிய இடம் அல்ல. ஊரிலே புல்தரை இல்லை, பயிற்சியாளர் இல்லை. தோல் பந்து ஒன்று வாங்கும் காசில் ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடலாம். கோபாலன் காலத்தில் ஒரு ஜான்ஸ்டன் கண்ணில் பட்டால்தான் உண்டு. படாதவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது. சேலத்துக்குப் பக்கத்துச் சின்னப்பம்பட்டி டி. நடராஜனைப் பாருங்கள். தாயார் சாலையோரத்தில் சிற்றுண்டிக் கடை வைத்துக் குடும்பம் நடத்தினார். இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடிய பையன். 2020-ல் வலைப் பயிற்சிக்குப் பந்து போடும் ஆளாக ஆஸ்திரேலியா போனார். ஒவ்வொருவராகக் காயம்பட்டு விலக, ஒருநாள் பந்தயம், இருபது ஓவர் பந்தயம், டெஸ்ட் என்று மூன்றிலும் ஒரே சுற்றுப்பயணத்தில் இந்தியாவுக்காக அறிமுகமானார். முன்பு எந்த இந்தியருக்கும் கிடைக்காத பேறு! 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் அவரும் இன்னொரு தமிழரான வாஷிங்டன் சுந்தரும் ஒரே நாளில் டெஸ்டுக்குள் நுழைந்தார்கள். இந்தியா 328 ரன்னைத் துரத்திப் பிடித்து அந்தப் பந்தயத்தை வென்றது.

நடராஜன் ஊருக்குத் திரும்பியபோது குதிரை வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். ஊரில் அவர் செய்த வேலை அதைவிடப் பெரிது. கிராமத்துப் பையன்களுக்காக ஒரு மைதானம் அமைத்தார். தனக்குத் திறந்த கதவு தன் பின்னால் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை வைத்தார் என்று சொல்லலாம்.

இன்று போடியிலிருந்து சென்னைக்கு நேராகவே ரயில் போகிறது. இரவில் ஏறிப் படுத்தால் மறுநாள் சென்னை. தூரம் குறைந்துவிட்டது. குறையாமல் இருப்பது தரை ஒன்றுதான். ஒரு பஞ்சாயத்துக்கு ஒரு சமதரை, அதில் ஒரு ஆடுகளம், வாரத்தில் இரண்டு நாள் வந்து சொல்லித்தர ஒரு ஆள். மலைச் சரிவுகள் கேட்பது இவ்வளவே.

அதுவரை குரங்கணியில் அதே பழைய விதிதான். பள்ளத்தில் அடித்தவன் அவுட். அடித்தவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, காப்பிச் செடிகளை விலக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்குகிறான். மேலே நிற்பவர்கள் 'கிடைச்சிருச்சாடா?' என்று கூவுகிறார்கள். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு செடிகளுக்குள்ளிருந்து பந்து மேலே பறந்து வருகிறது. அவ்வளவு ஆழத்திலிருந்து, அவ்வளவு உயரத்துக்கு, ஸ்டம்பாக நட்டிருக்கும் குச்சிக்குப் பக்கத்திலேயே வந்து விழுகிறது.

அந்தக் கையைப் பார்க்க ஒரு ஜான்ஸ்டன் வேண்டும்.